வசுவாஸ் சேரின் பன் பாத்திகள்

அந்த நாளில் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொன்னதும் முதலில் வந்து குழாயடியில் உட்காருபவர் அவர்தான். கடைசியாக எழும்புபவரும் அவர்தான். இமாம் தக்பீர் கட்டி, முதல் ரக்அத்தை முடித்து, இரண்டாவதில் பாதிக்கு வந்திருப்பார். இவர் இன்னும் இடது முழங்கையைத் தேய்த்துக்கொண்டிருப்பார். ஓர் உறுப்பை மூன்று தரம் கழுவினால் தொழுகைக்கு முன் எடுக்கிற ஒழு நிறைவாகிவிடும் என்று மதரசாவில் ஓதுகிற பிள்ளைக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் மூன்றாவது தரம் தண்ணீர் எல்லா இடத்திலும் பட்டதோ இல்லையோ என்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிடும். சந்தேகம் வந்தால் முதலிலிருந்து தொடங்குவார்.

நான் பெண் பிள்ளை, பள்ளிக் குழாயடியில் நடப்பதைக் கண்ணால் கண்டதில்லை. என் கூடப்பிறந்த மூத்தவர், நானா, வந்து சொல்லித்தான் தெரியும். நானா எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள். இந்த விஷயத்தில் மட்டும் அவர் கூட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

சுத்தம் போதவில்லையோ, இன்னும் போதவில்லையோ என்று ஷைத்தான் நெஞ்சுக்குள் ஊதுகிற சந்தேகத்தை எங்கள் ஆட்கள் வசுவாஸ் என்பார்கள். எல்லோருக்கும் அது ஒரு துளி இருக்கும். இவருக்கு மூட்டை மூட்டையாக இருந்தது. எங்கள் கனமூலை ஊரில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. வசுவாஸ் சேர் என்று கேட்டால் கையைப் பிடித்து வீட்டு வாசலுக்கே கொண்டுபோய் விடுவார்கள்.

யுத்தம் முடிந்து கொஞ்ச காலத்தில் கால்வாய்க் கரையில் ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரி கட்டினார்கள். மன்னார், வவுனியா, கற்பிட்டி என்று பல பக்கத்துப் பெண் பிள்ளைகள் தையலும் கம்ப்யூட்டரும் படிக்க வந்து தங்கினார்கள். அந்த விடுதிக்கு நான் மேட்ரன். தண்ணீர், கரண்ட், கட்டடம் எல்லாவற்றுக்கும் பொறுப்பான டெக்னிக்கல் ஒஃபிசர் அவர், அதனால் எல்லோருக்கும் ‘சேர்’. டிப்ளோமா முடித்தவர், ஒல்லி, உயரம், எப்போதும் முழுக்கைச் சட்டை. காகம் தலைக்கு மேலால் பறந்தால் பேச்சை நிறுத்திவிட்டுத் தோளைப் பார்ப்பார். தேத்தண்ணி கொடுத்தால் கோப்பையை மூக்கருகில் பிடித்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும். நானே கழுவிய கோப்பை.

அவருடைய பெண்சாதி நல்ல சிரிப்புக்காரி. ஒருநாள் விடுதிக்கு வந்திருந்தபோது என்னிடம் சொன்னா, "சவர்க்காரத்தையே கழுவிப்போட்டுத்தான் கையில எடுப்பார் புள்ள. ஒருநாளைக்கு என்னையும் வாளிக்குள்ள முக்கி எடுப்பாரோண்டு எனக்குப் பயம்."

சேர் தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர். புத்தளத்து முகாமில் ஒரு கிணற்றை எத்தனையோ குடும்பங்கள் பாவித்தன, பக்கத்திலேயே மலசலகூடம், அந்த அருவருப்பில்தான் இந்த வருத்தம் பிடித்தது என்று ஊரில் ஒரு கதை இருந்தது. நானும் அதை நம்பி, ஒருநாள் இரக்கப்பட்டு மெதுவாக விசாரித்தேன்.

"சேச்சே, அதெல்லாம் இல்ல மேட்ரன்" என்றார். "நான் மன்னார்ல சின்னதா இரிக்கக்குள்ளயே இப்பிடித்தான். இதுக்காக உம்மாட்ட அடி வாங்கியிரிக்கன். முகாமுக்கு வந்துதான் கொஞ்சம் குறைஞ்சது. கூட ஒரு வாளி அள்ளினா பின்னால நிக்கிறவன் விடுவானா?"

நான் சேர்த்துவைத்திருந்த இரக்கமெல்லாம் வீணாய்ப் போனது.

இப்பேர்ப்பட்ட மனிதருடைய தலையில்தான் விடுதியின் கழிவு நீர் வந்து விழுந்தது. அத்தனை பிள்ளைகள் குளித்த தண்ணீர், குசினித் தண்ணீர், மலசலகூடத்துத் தண்ணீர் எல்லாம் நிலத்துக்குக் கீழே ஒரு பெரிய தாங்கிக்குப் போகும். அங்கே ஒரு மெஷின் காற்று ஊதும், அழுக்கு அடியில் படியும், பிறகு மருந்து கலந்து குழாய் வழியாக நேரே கால்வாய்க்கு விடுவது. அதுதான் திட்டம். மெஷினிலிருந்து வெளியே வந்த தண்ணீர் சட்டத்துக்குச் சரியாகத்தான் இருந்தது. இவர் அதை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வெயிலுக்குத் தூக்கிப் பார்த்தார். லேசான மஞ்சள். முகர்ந்தார். தேங்காய் மட்டை ஊறப்போட்ட கிடங்குக் குழியின் மணம் கொஞ்சமாக இருந்தது.

"சட்டத்துக்குச் சரி" என்றார். "எனக்குச் சரியில்ல."

மேலிடத்தை அவர் விடவில்லை. போய்ப் போய் நின்று, அவர்கள் சலித்துப்போய், விடுதிக்கும் கால்வாய்க்கும் நடுவில் கிடந்த வெறுங்காணியைக் கொடுத்துவிட்டார்கள். அதில் படிப்படியாகச் சில பாத்திகள் வெட்டினார். அடியில் தண்ணீர் இறங்காதபடி தடித்த கறுப்புத் தாள், அதற்கு மேல் கருங்கல், சல்லி, மணல். அதில் பாய் பின்னுகிற புல்லான பன்னை நட்டார், ஓரமாகக் கல்வாழை. மெஷினிலிருந்து வருகிற தண்ணீர் முதல் பாத்திக்குள் கல்லுக்கடியில் நுழைந்து, வேர்களுக்குள்ளே நகர்ந்து நகர்ந்து, ஒவ்வொரு பாத்தியாக இறங்கி, கடைசிப் பாத்தியில்தான் வெளிச்சத்தைக் காணும். அங்கிருந்து ஒரு சின்ன வாய், அதற்குக் கீழே கால்வாய்.

"வேரில கண்ணுக்குத் தெரியாத சீவன்கள் ஒட்டியிரிக்கி. அதுகள்தான் அழுக்கத் தின்னுது" என்று எனக்கு விளங்கப்படுத்தினார். "எங்களுக்கு ஒரே ஒரு வேலதான் மேட்ரன். அவசரப்படுத்தாம விடுறது."

அவசரப்படுத்தாமல் விடுவது எனக்குத் தெரியாத வேலை. எனக்கு உலை கொதிக்க முதல் அரிசி போட வேண்டும். ஆனாலும் அந்தப் பன் தலைக்கு மேல் வளர்ந்து, தவளையும் தும்பியும் குடிவந்த பிறகு, பின்னேரங்களில் நானும் தேத்தண்ணியோடு அந்தப் பக்கம் போய் நிற்கத் தொடங்கினேன். நாற்றம் இருக்கும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு முதல்நாள் போனவள்தான் நான்.

அவர் அங்கே வேலை செய்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். முதல் பாத்திக்கு ஒரு சப்பாத்து, கடைசிப் பாத்திக்கு வேறு சப்பாத்து. இரண்டுக்கும் நடுவில் கால் கழுவ ஒரு வாளி. காலையில் கடைசிப் பாத்தித் தண்ணீரைப் போத்தலில் பிடித்து, நிறம் பார்ப்பார், மணம் பார்ப்பார். கொழும்புக்கும் அனுப்பிப் பரிசோதிப்பார். அங்கிருந்து நல்ல முடிவு வந்தாலும் முகம் தெளியாது.

"அவங்க போத்தல ஒழுங்காக் கழுவினாங்களோ தெரியாதே" என்பார்.

மார்க்கப்படி இந்தத் தண்ணீர் என்ன நிலை என்பது அவருக்குப் பெரிய பாடாக இருந்தது. நிறைய தண்ணீரில் மலசலம் மாதிரி நஜீஸ் விழுந்து நிறமோ மணமோ ருசியோ மாறினால் அந்தத் தண்ணீர் அசுத்தம். அந்த மாற்றம் தன்பாட்டில் நீங்கிவிட்டால் திரும்பவும் சுத்தம். மார்க்க நூலான கிதாபில் அவ்வளவுதான் இருக்கிறது. இவர் அதை மௌலவியிடம் கேட்டார். மறுநாளும் கேட்டார். அடுத்த கிழமையும் கேட்டார். கடைசியில் மௌலவி இவரைக் கண்டால் பின்வாசலால் வீட்டுக்குப் போகிற அளவுக்கு வந்துவிட்டது.

தனக்கே தீராத சந்தேகத்தோடு கால்வாய்ப் பக்கத்து வாயைத் திறக்க அவர் சம்மதிக்கவில்லை. கல்லூரித் தென்னங்காணிக்குத்தான் தண்ணீர் முழுவதும் போனது. பன் முற்றியபோது ஊர்ப் பெண்கள் பாய் பின்ன வந்து கேட்டார்கள். அவர் வெட்டிக் கொடுத்தார். அதே பெண்கள்தான் அந்தத் தண்ணீரைக் கால்வாயில் விடவே கூடாது என்று வேலியில் நின்று கதைத்தவர்கள்.

"பன் ஹலால், தண்ணி மட்டும் ஹராமாடி?" என்று நான் கேட்டேன்.

"பன்னக் காய வெச்சிட்டம்தானே ராத்தா" என்றாள் ஒருத்தி, கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டே.

அது விளையாட்டுக் கதை. மாரி வந்தபோது விளையாட்டு முடிந்தது. தென்னங்காணியில் கணுக்கால் அளவு மழைத் தண்ணீர் நின்றது, அதற்கு மேல் ஒரு சொட்டையும் அது குடிக்காது. கால்வாய்ப் பக்கத்து வாயைத் திறந்தே ஆகவேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

அந்தக் கால்வாயில்தான் என் நானாவின் பிழைப்பு. வாப்பா காலத்திலிருந்து அங்கே வீச்சு வலை போட்டு இறால் பிடிக்கிற குடும்பம் எங்களுடையது. நானா பிடிப்பார், மதினி மதுரங்குளிச் சந்தையில் வைத்து விற்பா. விஷயம் கேள்விப்பட்ட அன்றே நானா என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"உங்கட கக்கூஸ் தண்ணிய எங்கட இறாலுக்கு ஊத்தப் போறீங்களா?"

"அது அந்தத் தண்ணி இல்ல நானா. நீங்க வந்து பாருங்க."

"நான் பாத்து என்ன? வாங்கித் தின்னுறவன் பாக்கோணும்."

வாங்கித் தின்கிறவன் நம்ப வேண்டும் என்றால் பள்ளிவாசல் நம்ப வேண்டும். அதனால் பள்ளி மரைக்காரும் நிர்வாகத்தில் இன்னும் சிலரும், நானாவும் அவருடைய கூட்டாளிகளும் ஒருநாள் வந்து பார்ப்பது என்று ஏற்பாடானது. நான் நானாவுக்கு என் வாயால் வாக்குக் கொடுத்தேன், சேர் இருக்கும்வரை ஒரு பிழையும் வராது என்று.

பிழை எங்கள் ஸ்டோர் கீப்பர் உருவத்தில் வந்தது. நல்ல மனிதர், வீட்டுக்கு யார் வந்தாலும் பன்னீர் தெளித்துக் கூப்பிடுகிற குடும்பத்தில் பிறந்தவர். பள்ளி ஆட்கள் வருகிறார்களே, மணக்க மணக்க இருக்கட்டுமே என்று, மௌலூது ஓதுகிற நாளுக்கு வாங்கி வைத்திருந்த பன்னீர்ப் போத்தல்களை ஒன்றும் மிச்சம் வைக்காமல் கடைசிப் பாத்திக்குள் கவிழ்த்துவிட்டார். ஒருவரிடமும் சொல்லவில்லை.

மரைக்கார் பாத்தியோரம் வந்து மூச்சை இழுத்தார். முகம் மலர்ந்தது. "மாஷா அல்லாஹ், என்ன வாசம்" என்றார். நானாகூடத் தலையை ஆட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. காரியம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

சேர் குனிந்தார். ஒரு கை அள்ளி முகர்ந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"இது சரியில்ல" என்றார், எல்லோரும் கேட்க. "மணம் போகோணும். மணம் வரக்கூடாது. ஒரு மணத்த இன்னொரு மணத்தால மூடினா அது சுத்தமாகிற இல்ல. இப்ப இந்தத் தண்ணியப் பத்தி என்னால ஒண்டும் சொல்ல ஏலாது. நீங்க இன்னொரு நாளைக்கு வாங்க."

ஸ்டோர் கீப்பர் கல்வாழைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். மரைக்காருக்கு ஓதிய ஞாபகம் வந்திருக்க வேண்டும், "ஓம், கிதாபில அப்பிடித்தான்" என்று சொல்லிக்கொண்டு திரும்பி நடந்தார். கூட வந்தவர்களும் போனார்கள்.

அவர் சொன்னது முழுவதும் ஊருக்குப் போய்ச் சேரவில்லை. "வசுவாஸ் சேரே சரியில்லண்டு சொல்லிட்டார்" என்கிற துண்டு மட்டும் போய்ச் சேர்ந்தது. கால்வாய்க்கு இன்னும் ஒரு சொட்டும் விடவில்லை. ஆனால் அடுத்த சந்தையில் மதினியின் கூடையை ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. கொண்டுபோன இறால் அப்படியே திரும்பி வந்தது. அதற்கடுத்த சந்தையிலும் அதே கதை. நானா என் வாசலுக்கு வருவதை நிறுத்தினார். பெருநாளைக்குக்கூட வட்டிலப்பம் வரவில்லை, நான் அனுப்பியது திரும்பி வந்தது. அதைப் பார்த்து நான் குசினியில் இருந்து அழுதேன்.

அழுது முடித்து நேரே சேரிடம் போனேன். போகிற போதே வாய் தயாராக இருந்தது.

"ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்கு, உங்கட சந்தேகத்த வாய்க்குள்ள வெச்சிக்கொள்ள ஏலாமப் போச்சா சேர்? பன்னீர்தானே. நஞ்சா? எங்கட நானா என்னோட கதைக்கிற இல்ல, தெரியுமா?"

அவர் போத்தலைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

"எனக்குச் சரியாப்படாத ஒண்டச் சரியெண்டு சொன்னா, நாளைக்குச் சரியா இரிக்கக்குள்ள ஆர் நம்புவாங்க மேட்ரன்?" என்றார் பிறகு. "கொஞ்சம் பொறுங்க. பாத்தி ஆறட்டும்."

ஆறட்டுமாம். என் குடும்பம் எரிகிறது, இவருக்குப் பாத்தி ஆற வேண்டும். திரும்பி வந்துவிட்டேன். அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோவதையும் நிறுத்தினேன்.

மழை விட்டு வெயில் எறித்தது, திரும்ப மழை பெய்தது. மேலிடத்திலிருந்து வந்த டெலிபோன்களுக்கு அவர் என்ன சொல்லிச் சமாளித்தாரோ தெரியாது. தென்னங்காணிக்கு மேல் தண்ணீர் ஏறாமல் ஒரு பக்கம் அணை கட்டிக்கொண்டு, இன்னொரு பக்கம் கடைசிப் பாத்தியை முகர்ந்துகொண்டு திரிந்தார். குசினி ஜன்னலால் பார்த்தால் பன்னுக்கு மேலால் அவருடைய தலை மட்டும் தெரியும்.

ஒரு பின்னேரம் மனசு கேட்கவில்லை. தேத்தண்ணியோடு போனேன். பாத்தியில் பன்னீர் மணம் துளியும் இல்லை, கால்வாய்ப் பக்கத்து வாய் திறந்திருந்தது. தண்ணீர் சத்தமில்லாமல் ஒரு கண்ணாடித் தகடுபோல் கால்வாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கரையில் நானாவும் கூட்டாளிகளும் வலையோடு நின்று இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிடித்தாலும் விற்காது என்று தெரிந்தும், வீட்டில் இருக்க முடியாமல் வந்து நிற்பவர்கள்.

அந்நேரம் அஸருக்குப் பாங்கு கேட்டது. வழக்கமாகப் பாங்கு கேட்டால் சேர் கேற்றைத் தாண்டியிருப்பார். அன்றைக்கு அவர் போகவில்லை. முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டார். காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டினார். தண்ணீர் விழுகிற இடத்தில் ஒரு கல்லில் குந்தி, பிஸ்மி சொல்லிக் கையை நீட்டினார்.

அக்கரையில் எல்லோரும் அசையாமல் நின்றார்கள். நானும் கோப்பையைப் பிடித்தபடி நின்றேன். இந்த மனிதர் ஒழு எடுத்து முடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றால் அடுத்த தொழுகையான மஃரிபு வந்துவிடும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். மூன்றைத் தாண்டிக் கை போனால், இந்தத் தண்ணீரில் அவருக்கே சந்தேகம் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடும். பிறகு நானாவின் இறாலை இந்த மாவட்டத்திலேயே ஒருவரும் வாங்க மாட்டார்கள்.

முகத்தை மூன்று தரம் கழுவினார். நிறுத்தினார். வலது கை முழங்கைவரை மூன்று தரம். இடது கைக்கு வந்தார். பள்ளிவாசலில் எல்லோரையும் பொறுமையிழக்க வைக்கிற இடது முழங்கை. ஒன்று, இரண்டு, மூன்று. கையை உயர்த்திப் பார்த்தார். நான் யா அல்லாஹ் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் தலையைத் தடவிவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். அதுவும் மூன்றோடு முடிந்தது.

அக்கரையிலிருந்து நானாவின் குரல் வந்தது. "சேர், வாய் கொப்பளிக்கல்லியே?"

"அது சுன்னத்துத்தானே, கட்டாயமில்லியே" என்று அவர் திருப்பிச் சொன்னார். "இது கழுவுற தண்ணி. குடிக்கிற தண்ணியெண்டு நான் ஒருநாளும் சொல்லல்ல. இல்லாதத நான் கூட்டிச் சொல்ல மாட்டன்."

நானா பக்கத்தில் நின்றவனிடம் என்னவோ சொல்லிவிட்டு, வலையைத் தோளில் போட்டு, தண்ணீருக்குள் இறங்கி நடந்து, சேர் குந்தியிருந்த கல்லுக்கு நேர் முன்னால் வந்து வீசினார்.

சேர் பள்ளிக்குப் போனார். அன்றைக்கு அவர் முதல் ரக்அத்திலேயே முன் வரிசையில் நின்றாராம். தொழுகை முடிந்து திரும்பிய இமாம் அவரைக் கண்டு, நேரம் பிந்தித் தொழுவித்துவிட்டேனோ என்று மணிக்கூட்டைப் பார்த்தாராம். இதை நானா கூட்டித்தான் சொன்னாரோ என்னவோ, எனக்குத் தெரியாது.

இந்தமுறை கதை துண்டாகப் போகவில்லை, முழுசாகவே போனது. வசுவாஸ் சேர் மூன்றோடு நிறுத்திய தண்ணீர் என்று சந்தையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மதினி அதையே கூவி விற்றா. கூடை மத்தியானத்துக்கு முதலே வெறுமையானது. அன்று பின்னேரம் நானா என் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சொப்பிங் பை நிறைய இறால்.

"உனக்குக் கொஞ்சம். அந்த மனுசனுக்குக் கொஞ்சம்" என்றார். "அவருக்குக் குடுக்கக்குள்ள நல்லாக் கழுவிக் குடு."

நான் சிரித்தேன், கண்ணும் நிறைந்தது. உள்ளே வரச் சொன்னேன். வந்து உட்கார்ந்து சோறு தின்றார், ஒன்றுமே நடக்காததுபோல். தேங்காய்ப் பால் விட்டு இறால் ஆணம் காய்ச்சிச் சேர் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். சட்டி வெறுமையாக, பளபளவென்று கழுவி, திரும்பி வந்தது. அதைக் கழுவியது யார் என்று கேட்கத் தேவையில்லை.

பிறகு சில வருஷத்தில் மன்னாரில் அவர்களுடைய காணி துப்புரவாகி, அவர் குடும்பத்தோடு ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். பாத்திகள் இன்னும் இருக்கின்றன. பன் வெட்டுகிற காலத்தில் அவரிடமிருந்து ஒரு டெலிபோன் கோல் வரும். சுகம் விசாரிக்க முதல், "மணம் எப்பிடி மேட்ரன்?" என்று கேட்பார். ஒன்றுமில்லை சேர் என்பேன். நல்லாப் பார்த்தீங்களா என்பார். இந்த மனிதரைத் திருத்த முடியாது. திருத்தவும் வேண்டாம், இப்படியே இருக்கட்டும்.

கால்வாயில் ஒழு எடுத்த மறுநாள் அஸருக்கே அவர் திருந்தவில்லை என்பது தெரிந்துவிட்டது. நானா பள்ளிக் குழாயடிக்குப் போனபோது, சேர் பக்கத்துக் குழாயில் இருந்திருக்கிறார். முகம் முடிந்து, வலது கை முடிந்து, இடது முழங்கையில் நிற்கிறது. நானா தன் ஒழுவை முடித்து, துவாயால் துடைத்து, தொப்பியும் போட்டாயிற்று. இவர் இன்னும் தேய்க்கிறார்.

நானாவுக்குப் பொறுக்கவில்லை. "என்ன சேர் இது? நேத்து எங்கட கால்வாய்த் தண்ணியில மூணோட முடிச்சீங்க. இது நல்ல குழாய்த் தண்ணி. இதில என்ன சந்தேகம்?"

சேர் நிமிர்ந்து பார்த்தாராம்.

"அந்தத் தண்ணிய நான் ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டு இரிந்தன்" என்றாராம். "இது எங்கயிரிந்து வருதுண்டு எனக்குத் தெரியாதே."

சொல்லிவிட்டு, இடது முழங்கையைத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினாராம்.